தாமிரபரணித் தண்ணீரும் என் துணிகளும்

சாயம் போடப் பழகுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது எந்தச் செடி, எவ்வளவு கடுக்காய், எத்தனை நேரம் கொதிக்க வேண்டும் என்பதைத்தான். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் வருஷம் முடிகிற இந்த நேரத்தில் என் சாய நோட்டைப் புரட்டினால், பக்கத்துக்குப் பக்கம் தண்ணீரைப் பற்றித்தான் எழுதி வைத்திருக்கிறேன். எந்தத் துறையில் எடுத்தது, எந்த மாதம், கலங்கலா தெளிவா, சோப்பு நுரைத்ததா. இந்த வருஷம் செய்த துணி வேலைகளை ஒன்றாக வைத்துப் பார்த்தால் எல்லாவற்றுக்குள்ளும் ஓடுகிற சரடு அதுதான். அதனால் அதையே எழுதுகிறேன். இயற்கைச் சாயமும் கைத்தையலும் செய்கிறவர்களுக்கு, முக்கியமாக நம்ம திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்களுக்கு, இதில் எடுத்துக்கொள்ள ஏதாவது இருக்கும்.

பெரிய வேலை என்றால் ஆற்றுத் துணி. தாமிரபரணி பொதிகை மலையில் பிறந்து, ஏறத்தாழ 125 கிலோமீட்டர் ஓடி, புன்னைக்காயலில் கடலைச் சேர்கிறது. பிறப்பும் சேருமிடமும் நம்ம சீமைக்குள்ளேயே இருக்கிற ஆறு. ஒரே தானில் வெட்டிய துணியை, ஒரே சாயத்தை, இந்த ஆற்றின் வெவ்வேறு துறைத் தண்ணீரில் போட்டால் என்ன ஆகும் என்று பார்க்க ஆசை. பாபநாசம், அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, திருநெல்வேலி டவுனுக்குக் குறுக்குத்துறை, சிற்றாறு வந்து சேருகிற சீவலப்பேரி, ஸ்ரீவைகுண்டம், கடைசியில் புன்னைக்காயல். இந்த இடங்களில் கேனில் தண்ணீர் பிடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஆற்றங்கரையில் அடுப்பு மூட்டிச் சாயம் போடுவதில்லை, ஆற்றில் துணி அலசுவதும் இல்லை. செடிச் சாயம்தானே என்று சிலர் சொல்கிறார்கள். படிகாரம் செடி இல்லை. சாயத் தண்ணீரை ஆறவைத்து, நிறைய நல்ல தண்ணீர் கலந்து, வீட்டுக்குப் பின்னால் சாப்பாட்டுச் செடி இல்லாத மூலையில் ஊற்றுகிறேன்.

தண்ணீர் எடுத்தது மாசியில். கார்த்திகையில் ஆறு செம்மண் கலங்கலாக வரும், அப்போது எடுத்தால் துணியில் ஏறுவது சாயமா சேறா என்று தெரியாது. எடுத்த தண்ணீரை ஒரு ராத்திரி தெளியவிட்டு, பழைய வேட்டியில் வடிகட்டினால் போதும். தெளியவைக்கிறேன் என்று படிகாரம் சுற்றிவிடக் கூடாது. அது சாயத்தைப் பிடிக்க வைக்கிற பொருள் என்பதால் கணக்கே மாறிவிடும்.

துணி கோரா பருத்தி, அதாவது வெளுக்காத பருத்தி. தறியில் ஏறுகிற பாவுக்குக் கஞ்சி போட்டிருப்பார்கள், பருத்தியிலேயே இயற்கையாக மெழுகும் உண்டு. இரண்டும் போகாமல் எந்தச் சாயமும் ஒழுங்காக இறங்காது. சலவைச் சோடாவும் சாதா சோப்பும் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டால் தண்ணீர் டீ நிறத்துக்கு வரும். அலசிக் காயவைத்து ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். உடனே உறிஞ்சினால் துணி தயார், முத்தாக நின்றால் இன்னொரு கொதி. அப்புறம் 100 கிராம் துணிக்கு 20 கிராம் கடுக்காய்ப் பொடி, ஊறவைத்துப் பிழிந்து அலசாமல் நிழலில் உலர்த்தல். அடுத்து 15 கிராம் படிகாரம். இதுவரை எல்லாத் துணிக்கும் மொட்டைமாடியில் பிடித்த மழைத்தண்ணீர்தான். கடைசிச் சாயப் பானையில் மட்டும் அந்தந்தத் துறைத் தண்ணீர். இப்படி ஒன்றே ஒன்றை மாற்றினால்தான் வித்தியாசம் எதனால் வந்தது என்று நம்பிச் சொல்ல முடியும்.

சாயத்துக்குப் பதிமுகத்தைத் தேர்ந்தெடுத்தேன். செங்கோட்டை தாண்டினால், கேரளத்தில், குடிதண்ணீரில் போட்டுக் கொதிக்கவைக்கிற அதே மரச் சீவல்தான். தண்ணீரின் புளிப்பும் காரமும் இதில் உடனே தெரியும். கொஞ்சம் புளிப்பு இருந்தால் ஆரஞ்சுக்குச் சாயும், சுண்ணாம்பு கலந்தால் நீலம் கலந்த சிவப்புக்குப் போகும். ஒவ்வொரு துறைக்கும் கடுக்காய் மட்டும் போட்ட துணி ஒன்றையும் சேர்த்து நனைத்தேன். தண்ணீரில் இரும்பு இருந்தால் கடுக்காய்த் துணி சாம்பல் பூத்துக் காட்டிக்கொடுத்துவிடும்.

பாபநாசத் தண்ணீரில் வந்தது தெளிவான, ஆரஞ்சு கலந்த சிவப்பு. அம்பாசமுத்திரத்தில் ஏறக்குறைய அதே. சேரன்மகாதேவியில் ஆரஞ்சு குறைந்து ரோஸ் எட்டிப்பார்த்தது. குறுக்குத்துறையில் நிறம் மங்கியது. நகரத்துச் சாக்கடை கலக்கிற இடத்தில் துணியும் அதைத்தான் சொல்லும் என்று எதிர்பார்த்திருந்தேன், இருந்தாலும் கயிற்றில் வரிசையாகக் காயப்போட்டுப் பார்த்தபோது வேதனையாக இருந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் இன்னும் கனத்த சிவப்பு. புன்னைக்காயலில் கடல் ஏறிவந்த உப்புத் தண்ணீர், ஊதா சாய்ந்த கருஞ்சிவப்பு, திட்டுத்திட்டாக. அந்தத் திட்டுகளைச் சரிசெய்யாமல் அப்படியே வைத்திருக்கிறேன். எல்லாவற்றையும் மலையிலிருந்து கடல் வரை வரிசைப்படி ஒட்டி, வெள்ளை நூலில் ஓட்டுத்தையல் போட்டு ஒரே நீளத் துணியாக்கினேன். அதன் முன்னால் நின்ற பெரியவர் ஒருவர், குறுக்குத்துறை முருகன் கோவில் படியில் குளித்து வளர்ந்தவர், மங்கின துண்டைத் தொட்டுக்கொண்டு, "நம்ம கிட்ட வந்ததும்தானம்மா கலரு போச்சு" என்றார். ஒரு கலைஞருக்கு இதைவிட நேரான விமர்சனம் கிடைக்காது.

உங்கள் வீட்டில் சாயம் போடுகிறீர்கள் என்றால் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது இவ்வளவுதான்: ஆய்வுக்கூடச் சாமான் விற்கிற கடையில், தண்ணீரின் புளிப்பையும் காரத்தையும் காட்டுகிற பிஎச் தாள் ஒரு கட்டு வாங்கி வையுங்கள். போர்த் தண்ணீரில் சோப்பு நுரைக்கவில்லை, குழாயடியில் வெள்ளைப் படிவு நிற்கிறது என்றால் அந்தத் தண்ணீர் பிரகாசமான நிறம் தராது. ஐப்பசி மழையில் முதல் அரைமணி நேரத்தை ஓடவிட்டு, அப்புறம் டிரம்மில் பிடித்து மூடி வையுங்கள். வருஷம் பூராவும் அதுதான் உங்கள் நல்ல தண்ணீர். மாநகராட்சிக் குழாய்த் தண்ணீரில் குளோரின் வாடை இருந்தால் ஒரு நாள் வாய் திறந்த பாத்திரத்தில் வைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள். பாத்திரம் எவர்சில்வர். கறுப்பு வேண்டும் என்று நீங்களே முடிவு செய்தால் ஒழிய இரும்புச் சட்டி வேண்டாம்.

நீலச் சாயம் தருகிற அவுரிப் பானையைப் பற்றிச் சுருக்கமாக. எனக்குக் கைகொடுத்தது பழைய முறைதான். தகரை விதையை வேகவைத்து, சுண்ணாம்பும் நீலக் கட்டிப் பொடியும் சேர்த்துப் புளிக்க வைப்பது. சித்திரை, வைகாசியில் நம்ம ஊர் வெயிலே அதற்கு அடுப்பு. மேலே செம்பு நிறத்தில் ஏடு கட்டி, உள்ளே தண்ணீர் மஞ்சள் கலந்த பச்சையாக இருந்தால் பானை உயிரோடு இருக்கிறது. துணியை மெதுவாக இறக்கி, மெதுவாக எடுத்து, காற்றில் நீலமாக விட்டுத் திரும்ப இறக்க வேண்டும். ஒரே முக்கில் அடர்நீலம் வரட்டும் என்று ஊறப்போட்டால் தேய்த்தால் உதிர்கிற நீலம்தான் வரும். மழைக்காலத்தில் பானை தூங்கிவிடும், சாக்குப் போட்டுச் சுற்றி அடுப்படிக்குப் பக்கத்தில் வைத்தால் தாக்குப்பிடிக்கும். இன்னொன்று, இந்தப் பக்கத்து நாட்டு மருந்துக் கடைகளில் அவுரி என்று கேட்டால் நிலாவாரையை எடுத்துக் கொடுப்பதும் உண்டு. அது வயிற்றுக்கான மருந்து, நீலம் வராது.

இப்போது சேலைப் போர்வைக்கு வருகிறேன். இந்த வருஷம் என் மனசை அதிகம் பிடித்து வைத்திருந்த வேலை அது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இங்கே யாரும் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நடுவழியில் நின்று பயணிகள் மாட்டிக்கொண்டார்கள். ஆற்றோரத்து வீடு ஒன்றில் அப்போது ஒரு டிரங்குப் பெட்டி பாதி மூழ்கியது. அதற்குள் அந்த வீட்டு ஆச்சியின் சேலைகள். ஆச்சி அதற்கு முந்தியே காலமாகிவிட்டார்கள். வீட்டுக்காரர்கள் சேலைகளை அலசி, உலர்த்தி, மடித்து வைத்துவிட்டார்கள். இந்த வருஷம் அவர்கள் வீட்டுப் பெண் அந்த மூட்டையோடு என்னிடம் வந்தாள். "தூரப் போட மனசு வரலக்கா. ஒரு போர்வையா தைச்சுத் தாங்க" என்றாள். விரித்துப் பார்த்தால், ஒவ்வொரு சேலையிலும் தண்ணீர் நின்ற மட்டத்தில் ஒரு பழுப்புக் கோடு. நான் கோட்டைப் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, "கறைய எடுத்துராதீங்கக்கா, அதுவும் ஆச்சி வீட்டுல நடந்ததுதான" என்றாள்.

அதைக் கேட்ட பிறகு அந்தப் போர்வைக்கு வேறு வடிவம் தேட வேண்டியிருக்கவில்லை. வண்டலில் இரும்பு உண்டு. கடுக்காயும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு. அப்படியானால் பருத்திச் சேலைகளைக் கடுக்காய்த் தண்ணீரில் நனைத்தால் மங்கலாக இருக்கிற அந்தக் கோடு தானாகக் கறுத்து எழும். ஓரத்தில் ஒரு சின்னத் துண்டில் பார்த்தேன், எழுந்தது. சுங்குடிச் சாயம் கசியும் என்பதால் கொதிக்கவைக்காமல், ஆறிய கடுக்காய்த் தண்ணீரில் தனித்தனியாக ஊறவைத்தேன். துணி பூராவும் இளம் சந்தன நிறம், குறுக்கே மையில் இழுத்த கோடு போல வெள்ளத்தின் மட்டம். வெட்டும்போது ஒவ்வொரு துண்டிலும் அந்தக் கோடு ஒரே உயரத்தில் வரும்படி பார்த்துக்கொண்டேன். போர்வையை விரித்தால் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை தண்ணீர் நிற்கும். பாலியஸ்டர் சேலைகள் கடுக்காயை ஏற்காது, அவற்றை நிறம் மாறாமல் கரைக்கு வைத்தேன். ஆச்சி கடைசிக் காலத்தில் உடுத்தியது அதைத்தான் என்று பிறகு சொன்னார்கள்.

பழைய பருத்தி நைந்திருக்கும். அதில் தைக்கும்போது அடியில் மல் துணி கொடுத்து, 10ஆம் நம்பர் ஊசியும் ஒற்றைப் பருத்தி நூலும் வைத்துக்கொள்ளுங்கள். பாலியஸ்டர் நூல் நைந்த பருத்தியைவிட வலுவானது, இழுவை வந்தால் நூலுக்குப் பதில் துணிதான் கிழியும். நைந்த இடத்தில் தையலை நெருக்காமல், சுற்றியுள்ள நல்ல துணியில் நெருக்கி, நடுவில் தளர விடுங்கள். இழுவை எல்லாம் நல்ல துணியில் விழ வேண்டும்.

வெள்ளத்தில் நனைந்த துணி இன்னும் எத்தனையோ வீடுகளில் மடித்தபடி கிடக்கிறது, அடுத்த மழையும் வரத்தான் போகிறது. எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஈரச் சேறு என்றால் சோப்பு போடாமல் முதலில் வெறும் தண்ணீரில், கலங்கல் நிற்கிற வரை அலசுங்கள். சேறு காய்ந்துவிட்டதா, தண்ணீர் காட்டுவதற்கு முன்னால் உதறி, மெல்லிய பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். வெந்நீரும் இஸ்திரிப் பெட்டியும் கறையை ஊன்றவைக்கும். பிளீச்சிங் பவுடர் வேண்டவே வேண்டாம், இரும்புக் கறை அதில் இன்னும் அழுத்தமாகும், நூலும் இற்றுப்போகும். ஈரத் துணியை மடித்து இரண்டு நாள் விட்டால் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். சாயம் கசிகிற சேலைகளுக்கு நடுவில் வெள்ளைத் துணி வைத்துப் பிரியுங்கள். சரிகைச் சேலையை முறுக்கிப் பிழியாமல், தட்டையாக நிழலில் உலர்த்துங்கள்.

கோரைப் பாய் நெசவுக்குப் பேர்போன பத்தமடைக்கு இந்த வருஷம் அடிக்கடி போனேன். பாயின் ஓரத்தில் வெட்டிக் கழிக்கிற கோரை நுனிகளை வைத்து ஒரு தொங்கல் செய்ய நினைத்து, ஒரு ராத்தாவிடம் கற்றுக்கொள்ளப் போனது அது. தன் பெயரை எழுத வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். கோரையை வெயிலில் காயவைத்து, மெல்லிசாகக் கிழித்து, ஓடுகிற தண்ணீரில் நாள்கணக்கில் ஊறவைத்தால் மூன்று மடங்கு உப்பும், திரும்ப உலர்த்தித்தான் பருத்திப் பாவில் கோக்க வேண்டும். பட்டுப்பாய் என்கிற மிக நைசான பாய்க்குக் கிழிக்கிற கோரையைக் கையில் வாங்கிப் பார்த்தபோது தையல் நூலுக்கும் அதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. அவ்வளவு மெலிசு, அதைக் கண்ணால் அளந்து கத்தியால் பிரிக்கிறார்கள். என் கைக்கு அது இன்னும் வரவில்லை. வருகிற வரைக்கும் பட்டுப்பாய் நெய்கிறேன் என்று எங்கும் சொல்லிக்கொள்ள மாட்டேன்.

ராத்தா திரும்பத் திரும்பச் சொன்னது ஈரத்தைப் பற்றித்தான். "காஞ்சா ஒடியும், நனைஞ்சா பூக்கும். ஈரத் துணி மூடி வச்சு, வேணுங்கறத மட்டும் உருவு பிள்ளே." ஆனி, ஆடிக் காற்றில் கோரை கைபட்டாலே ஒடிகிறது. அந்த மாதங்களில் விடியற்காலையில் உட்கார்ந்து வெயில் ஏறுவதற்குள் எழுந்துவிட வேண்டும். கார்த்திகையில் நன்றாக வளைந்து கொடுக்கும், ஆனால் முடித்த பாயைச் சுவரில் சாய்த்து வைத்தால் பின்பக்கம் பூஞ்சை. பருத்தியும் கோரையும் சேர்ந்த வேலை செய்கிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: ஈரத்தில் பருத்தி சுருங்குவதும் கோரை உப்புவதும் ஒரே அளவில் இருக்காது. பருத்தியை முன்னாலேயே நனைத்துச் சுருங்கவிட்டுத்தான் கோரையோடு சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் மாட்டிய தொங்கல் முதல் மழையிலேயே கோணும்.

கைவினைஞர்களோடு சேர்ந்து வேலை செய்வது பற்றி எனக்கு உறுதியான கருத்து ஒன்று உண்டு. கற்றுக்கொடுக்கிற நேரத்துக்கும் நாள்கூலி உண்டு. பாய்க்கு இவ்வளவு என்று பேசிவிட்டு, கூடவே உட்கார்ந்து மணிக்கணக்கில் கேள்வி கேட்டு, படம் எடுத்துக்கொண்டு வருவது நியாயமில்லை. பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடு இருக்கிறது, வீரவநல்லூர் செடிபுட்டாச் சேலைக்கும் 2023இல் கிடைத்தது. நல்ல விஷயம். ஆனால் குறியீடு ஊருக்கு. தறியில் உட்கார்ந்திருக்கிற ஆளுக்குக் கூலியும் பெயரும் நாம் கொடுத்தால்தான் உண்டு. வீரவநல்லூர் நெசவாளி அண்ணாச்சி ஒருவர், நெய்யும்போதே ஊடைக்கு நடுவில் கையால் நூல் செருகி ஒரு பூவை முடித்துக்காட்டிவிட்டு, "இத ஒரு பூவுன்னு பாக்காதீங்க, எத்தன செருகல்னு எண்ணுங்க" என்றார். விலை கேட்டுப் பேரம் பேசுகிறவர்களிடம் நான் இப்போது இதைத்தான் சொல்கிறேன்.

என் வேலைக்கு விலை வைப்பதும் அப்படியே. தையலுக்கு உட்காருகிற நேரம், எழுகிற நேரம், சாயப் பரிசோதனை, தண்ணீர் கொண்டுவந்த வண்டிச் செலவு எல்லாம் நோட்டில் ஏறும். நம்ம தெருவில் நல்ல தையல்காரர் ஒரு நாளில் என்ன சம்பாதிப்பாரோ அதற்குக் குறையாமல் போட்டு, மேலே சாமான் செலவு. முன்பணம் பாதி. அவ்வளவுதான்.

வேலைகளை மாதப்படி பிரித்துக்கொண்டது இந்த வருஷம் பெரிய நிம்மதி. மாசி, பங்குனியில் சிவப்பும் மஞ்சளும். சித்திரை, வைகாசியில் அவுரி. ஆனி, ஆடியில் வெளியே ஈரத் துணி போட்டால் புழுதி அப்பிவிடும், அதனால் வெட்டுவதும் வடிவம் அமைப்பதும் அப்போது. ஐப்பசி முதல் மார்கழி வரை கைத்தையல், கூடவே மழைத்தண்ணீர் பிடித்தல். கண்காட்சிக்காரர்கள் நவம்பரில் புதுச் சாய வேலை கேட்டால், தைமாதம் தருகிறேன் என்று சொல்லப் பழகிக்கொண்டேன். துணி உலராத மாதத்தில் அவசரப்பட்டுச் செய்த வேலையை யாருக்கும் கொடுக்கக் கூடாது என்பது என் எண்ணம்.

சாயம் போட்ட ஒவ்வொன்றிலும் ஒரு துண்டை, பாதி அட்டையால் மூடி, தெற்கு ஜன்னலில் ஒட்டி வைத்திருந்தேன். இப்போது அட்டையை எடுத்துப் பார்த்தாயிற்று. அவுரி அசையவில்லை. கடுக்காய்க் கறுப்பும் நிற்கிறது. பதிமுகம் வெயில் பட்ட பாதியில் நன்றாகவே வெளுத்திருக்கிறது. ஆற்றுத் துணியை வெயில் விழாத சுவரில்தான் மாட்ட வேண்டும் என்று அதன் பின்பக்கம் எழுதித் தைத்திருக்கிறேன். பதிமுகத்தில் ஜன்னல் திரை கேட்கிறவர்களுக்கு முதலிலேயே இந்தத் துண்டைக் காட்டிவிடுகிறேன்.

வெயில் தாங்குகிற சிவப்புக்குச் சாயவேர்தான் வழி. ஒரு காலத்தில் தூத்துக்குடிக் கடற்கரை மணலில் தோண்டி எடுத்த வேர் அது. மணல் நிலம் வைத்திருக்கிற சிநேகிதி ஒருத்தி ஒரு பாத்தி தருகிறேன் என்றிருக்கிறாள், மழை ஓய்ந்ததும் விதைக்க வேண்டும். வேர் திரள நாளாகும் என்பதால் அடுத்த வருஷக் கணக்கில் அதிலிருந்து நிறம் எதுவும் வைக்கவில்லை.

அதுவரை சிற்றாற்றைத் தொடங்கலாம் என்று இருக்கிறேன். குற்றாலத்தில் விழுந்து, தென்காசி வழியாக கங்கைகொண்டான் கடந்து சீவலப்பேரிக்கு வருகிற தண்ணீர். தாமிரபரணித் துணியில் சீவலப்பேரித் துண்டு மட்டும் மேலும் கீழும் இருப்பவற்றோடு சேராமல் தனியாக, கொஞ்சம் பழுப்பு ஓடி நிற்கிறது. அது சிற்றாற்றிலிருந்து வருகிறதா என்று பார்க்க வேண்டும். தென்காசிப் பக்கமும் கங்கைகொண்டான் பக்கமும் இருக்கிற சாயக்காரர்கள், தையல்காரர்கள் யாராவது மாசியில் அவரவர் துறையில் ஒரு கேன் தண்ணீர் பிடித்து, இடமும் தேதியும் எழுதி வைத்தால், நானே வந்து எடுத்துக்கொள்கிறேன். துணியும் கடுக்காயும் என் பொறுப்பு.